அது உங்க ரத்தம் இல்லை, அப்பா

அன்பு அப்பாவுக்கு,

உங்களை அன்பு என்று விளிக்க எனக்கு நாற்பத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது. நீங்க போய் ஐந்து வருஷமாகிவிட்டது. அடக்கத்துக்கு வந்தேன், ஒரு பிடி மண் அள்ளிப் போட்டேன், கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, இனி இந்த வீட்டில் யாரும் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்பம் ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிற வீடுகளில் நம்ம வீடு மாதிரி இன்னும் எத்தனை இருக்கிறதோ.

எனக்கு நிச்சயம் பண்ண வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? விருந்துக்கு இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். குழம்பில் உப்புக் கூடிப்போனது என்று நீங்க எழுந்து சோற்றுச் சட்டியை எத்திவிட்டீங்க. மாப்பிள்ளை வீட்டார் காலடியில் சோறு சிதறிக் கிடந்தது. அவர்கள் பாதி இலையில் எழுந்து போய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்து, பெண்ணின் மேல் என்ன தப்பு என்று அவர்களே திரும்பி வந்தது என் அதிர்ஷ்டம். அன்றோடு உங்களிடம் பேசுவதை நிறுத்தினேன். கல்யாணமாகிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்து தையல் கடை போட்ட பிறகு, அம்மாவைப் பார்க்க வந்தாலும் நீங்க தோட்டத்திலிருந்து வருவதற்குள் பஸ் ஏறிவிடுவேன்.

ஊரில் எல்லாரும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். அது அவுக வம்சக் கோபம், ரத்தத்தில் இருக்கு. நானும் நம்பினேன். நம்பியதால் என்ன ஆனது தெரியுமா? என் மகனை ஒரு நாளும் அதட்டியதில்லை. அவன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். என் உடம்பிலும் உங்க ரத்தம்தானே ஓடுகிறது, ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டால் மூட முடியாமல் போய்விடுமோ என்று பயந்தே பதினைந்து வருஷம் பிள்ளை வளர்த்தேன்.

இப்போது தம்பி கதைக்கு வருகிறேன். அருள் எப்படிப்பட்ட பிள்ளை என்று உங்களுக்கே தெரியும். கோழிக்குஞ்சைக்கூட இரண்டு கையால் ஏந்துகிறவன். நீங்க கத்தும்போதெல்லாம் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தவன். உங்களுக்குப் பிறகு தோட்டத்தை அவன்தான் பார்த்தான். போன வருஷம் அவன் மனைவி ரெஜினா எனக்கு போன் பண்ணினாள்.

"மதினி, ஒரு நாலு நாள் இங்கன வந்து இருங்க. அவுக முன்ன மாதிரி இல்ல. நேத்து தட்டத் தூக்கி எறிஞ்சாக. பாப்பா பீரோ இடுக்குல போயி ஒளிஞ்சுக்கிட்டு வெளிய வரவே இல்ல."

பாப்பாவுக்கு ஏழு வயது. நீங்க போகும்போது இரண்டு வயதுதான்.

கடையைப் பூட்டிவிட்டு மறுநாளே வந்தேன். அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரத்தம் பேசுது ஆத்தா, நாம என்ன செய்ய முடியும்?" என்றார். அருள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. தலை வலிக்குது, ராத்திரி தூக்கமே இல்லக்கா என்று மட்டும் சொன்னான். அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று இருந்தது.

நான் போய் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அருள் தோட்டத்துக்குப் பூச்சி மருந்தடிக்கப் போனான். அன்று சாயங்காலம் பாப்பா பென்சிலைக் கீழே போட்ட சத்தத்துக்கே எழுந்து கையை ஓங்கிக்கொண்டு போனான். நான் குறுக்கே நின்றேன். ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டான் அப்பா. அவன் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

ரெஜினா மறுநாள் சமையற்கட்டில் மாதா கோயில் காலண்டரைக் காட்டினாள். மருந்தடிக்கிற தேதிகளை அருள் நீல மையால் வட்டம் போட்டு வைத்திருந்தான். அவன் கோபத்துக்குப் பயந்து பாப்பாவைப் பக்கத்து வீட்டில் தூங்கவைத்த நாட்களை ரெஜினா, யாருக்கும் தெரியாமல், பென்சிலால் சின்னதாகக் கோடு கிழித்திருந்தாள். அவள் எனக்குக் காட்ட நினைத்தது அந்தக் கோடுகள் எத்தனை என்பதை. எனக்குக் கண்ணில் பட்டது வேறு. ஏறக்குறைய எல்லாக் கோடும் வட்டம் போட்ட நாளிலோ அதற்கு அடுத்த நாளிலோ விழுந்திருந்தது. பழம் பறிப்புக்கு முன்னால் மருந்தை நிறுத்திய வாரங்களில் ஒரு கோடு கூட இல்லை.

"ஏ ரெஜினா, இதப் பாரு" என்றேன். அவள் பார்த்தாள். வட்டத்திலிருந்து கோட்டுக்கு விரலை ஓட்டிக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகுதான் அவன் வேலை செய்வதைப் போய்ப் பார்த்தேன். தலைக்கு மேல் பந்தல். கீழே நின்று அண்ணாந்து அடிக்கிறான். அடிக்கிற மருந்தில் பாதி அவன் மேலேயே இறங்குகிறது. முகத்தில் ஒரு துண்டு, அதுவும் நனைந்துபோனது. மருந்து பீய்ச்சுகிற நாசில் அடைத்துக்கொண்டதும் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். நான் கத்திவிட்டேன். அவன் திரும்பி, "அப்பா இப்பிடித்தானக்கா செய்வாரு" என்றான்.

ஆமாம், நீங்களும் அப்படித்தான் செய்வீங்க. அதே கையால் பந்தலடியில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுவீங்க, அதே கையால் பீடி பற்றவைப்பீங்க. மருந்து டப்பாக்கள் நீங்க படுக்கிற கட்டிலுக்குக் கீழேதான் இருக்கும். அந்த வாடைதான் அப்பா வாடை என்று நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் அவனைக் கூட்டிப்போனேன். காலண்டரையும் கழற்றி எடுத்துப் போனேன். அந்தம்மா சிரிக்கவில்லை. வட்டத்தையும் கோட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன மருந்து, எத்தனை வருஷம், எப்போது குளிப்பீங்க, எத்தனை மணி நேரம் தூக்கம், குடி உண்டா என்று கேட்டார். மருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். ஏறியிருந்தது.

"இது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார். "தூக்கமில்ல, வெயில், அப்பப்பக் குடி, எல்லாம் சேர்ந்திருக்கு. ஆனா மூளையும் உடம்புல ஒரு உறுப்புதானம்மா. தோல் மேல படுறதும் மூச்சுல போறதும் அதையும் தொடும். மூணு மாசம் மருந்துப் பக்கமே போகாம இருக்கட்டும். நேரத்துக்குத் தூங்கட்டும். குடிக்கக் கூடாது. பிறகு பாப்போம்."

வெளியே வந்ததும் அருள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். போகிற வருகிறவர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதான்.

"அப்ப நான் கெட்டவன் இல்லையாக்கா?"

"பிள்ளைய நீ பயமுறுத்துனது நெசம்தான். அதுக்கு அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஆனா நீ இப்பிடியே பெறந்தவன் இல்லடா" என்றேன். அவனுக்குச் சொன்னதுதான். எனக்கும் கேட்டது.

முதல் மாதம் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. தூக்கம்தான் முதலில் வந்தது. பிறகு தலைவலி குறைந்தது. இரண்டாம் மாதக் கடைசியில் ரெஜினா போன் பண்ணி, "மதினி, அவுக இன்னிக்குச் சமைக்கிறப்ப வந்து பக்கத்துல நின்னுக்கிட்டுச் சும்மா பேசுனாக" என்றாள். சும்மா பேசியதைச் சொல்ல ஒருத்தி போன் பண்ணுகிறாள் பாருங்க.

மருந்தடிக்க வேறு ஆள் வைக்கலாம் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னபோது அருள்தான் மறுத்தான். "இன்னொருத்தன் தலையில கட்டிட்டா சரியாப்போயிருமா?" என்று கேட்டானாம். பாதிப் பந்தலைப் பிரித்து வாழை வைத்திருக்கிறான். மீதிக் கொடிக்கு மருந்து ரொம்பக் குறைந்துவிட்டது. அடிக்கிற அன்றைக்கு முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை. டப்பாவெல்லாம் தோட்டத்து மோட்டார் அறையில். அங்கேயே குளித்து உடுப்பு மாற்றிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறான்.

போன மாதம் நான் ஊருக்கு வந்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாப்பாவின் கை பட்டு, சொம்புத் தண்ணீர் முழுக்க அருள் மடியில் கவிழ்ந்தது. அம்மா கையில் அகப்பை அப்படியே நின்றது. ரெஜினா எழுந்துவிட்டாள். பாப்பா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஓடவில்லை, ஆனால் ஓடத் தயாராக. அருள் குனிந்து வேட்டியைப் பார்த்தான்.

"ஏ பாப்பா, துணி எடுத்துட்டு வா" என்றான். பிறகு சிரித்தான். "அப்பா மூச்சா போயிட்டாருன்னு யார்கிட்டயும் சொல்லிறாத."

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கொல்லைப்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சில் எத்தனையோ வருஷமாகக் கட்டியிருந்த ஒன்று அவிழ்ந்து இறங்கியது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அம்மாவிடம் எல்லாம் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். நம்ம தோட்டம் நெல் வயலாக இருந்த காலத்தைப் பற்றி அவராகவே பேசினார்.

"கல்யாணம் ஆன புதுசுல அவுக சத்தம் வெளிய கேக்காது ஆத்தா. கோயில்ல பாட்டுப் பாடுவாக. எனக்குக் காய்ச்சல்னா அவுகளே கஞ்சி வச்சாக. திராட்ச போட்டு நாலஞ்சு வருசத்துலதான் ஆளே மாறிட்டாக. கையில காசு பெரண்டதும் தலக்கனம் ஏறிருச்சுன்னு ஊர்ல சொன்னாக. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அப்ப அந்த மனுசன் என்னைய வெறுக்கலையா?"

எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன் அப்பா. கத்தி முடித்த பிறகு நீங்க வாய்க்கால் கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீங்க. "தலைக்குள்ள யாரோ அறையுற மாதிரி இருக்கு புள்ள" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னீங்க. நடிக்கிறீங்க என்று நினைத்து நான் நகர்ந்து போனேன். உங்களுக்கே தெரியுமா, உங்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று? யாராவது ஒரு ஆள் உங்களைத் தேனிக்குக் கூட்டிப்போயிருந்தால்? உங்களை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் இதை நான் நிரூபிக்க முடியாது. அம்மா வாங்கிய அடி எதுவும் இதனால் இல்லாமல் போகாது. ஆனால் உங்களை வெறுத்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலையிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

இன்னொன்று கேளுங்க. போன வாரம் என் மகனை வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டினேன். கத்தினேன், பிறகு தானாக நிறுத்தவும் முடிந்தது. அவன் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று படிக்கப் போனான்.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு நான் வருகிறேன். இந்த ஐந்து வருஷத்தில் ஒரு தடவையும் வராதவள், முதல் பஸ்ஸில் வந்து புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவேன். அம்மாவை என் பக்கத்தில் உட்காரவைப்பேன். இந்தத் தடவை, பொழுது சாய்ந்து எல்லாரும் கிளம்பிய பிறகும், உங்களிடம் பேசிக்கொண்டு இருப்பேன்.

உங்க மூத்த மக,
பிலோமினா