மஞ்சள் பாதியும் பழுப்புப் பாதியும்

இன்று காலை எங்கள் தெருமுனையில் யாரோ ஓட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு ரெசின் பசை பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். நீ போன பிறகு ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. இந்த நெடி வந்தால் மட்டும் என்னால் இன்னும் சைக்கிள் மிதிக்க முடிவதில்லை.

நீ மீன்பிடிக் குடும்பம். நான் மில் தொழிலாளி வீட்டுப் பையன். கடற்கரையை ஒட்டிக் கொட்டகை போட்டு இரண்டு பேருமாகப் பைபர் படகு செய்தோம். உனக்குக் கடல் தெரியும். எனக்கு ரெசின் கலக்கத் தெரியும், நீந்தத் தெரியாது.

பிரான்சில் விமானப் பாகங்கள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்த உன் அக்கா புருஷன், லீவில் வந்தபோது அங்கே கழித்துப்போட்ட அட்டைகளைப் பெரிய பெட்டியில் கொண்டுவந்தார். தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருந்தன. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. இரண்டு வகையும் அராமிட் என்ற இழையில் செய்ததுதான் என்றார். பழுப்பு, இழையைக் காகிதமாக்கிச் செய்தது. நெருப்பு தாங்கும், வளைந்து கொடுக்கும். மஞ்சள், துணியாக நெய்து செய்தது. பலம் அதிகம், விறைப்பும் அதிகம்.

"எது ஒசத்தி மாமா?" என்று கேட்டாய்.

"எதுக்குன்னு சொல்லு மாப்ள, அப்பறம் சொல்றேன்" என்று சிரித்தார்.

எதற்கென்று நமக்குத் தெரியும். இரண்டே ஆள் தூக்கிக் கரையேற்றுகிற படகு. அப்படி ஒன்று அமைந்தால் உன் தம்பி அதில்தான் தொழிலுக்குப் போவதாக இருந்தான்.

அட்டையின் இரு பக்கமும் கண்ணாடி இழைத் துணி ஒட்டி, வகைக்கொரு பலகை செய்து, செங்கல்லின் மேல் வைத்து மணல் மூட்டை ஏற்றினோம். பழுப்பு தொய்ந்தது; மூட்டையை இறக்கியதும் பழையபடி நிமிர்ந்தது. மஞ்சள் அசையவே இல்லை. நீ மஞ்சள் பக்கம் சாய்ந்துவிட்டாய். ஆனால் மஞ்சளை வெட்டுவதற்குள் கத்தரிக்கோல் மழுங்கியது. வெட்டிய விளிம்பெல்லாம் தேங்காய் நார் மாதிரி பிசிறி நின்றது. "இதுல ரெசின் புடிக்குமாடா?" என்றேன். "புடிக்கும், வா" என்றாய்.

அட்டை போதாததால் படகின் அடியில் இடது பாதி பழுப்பு, வலது பாதி மஞ்சள் என்று வைத்தோம். "தம்பி போறதுக்கு முன்னாடி நாம ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடலாம். ரெண்டு ஆள் கனம் வேணும்டா" என்று கூப்பிட்டாய். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் நின்றேன். நீ சீட்டியடித்துக்கொண்டே துடுப்பை எடுத்தாய். அந்தச் சீட்டியைக் கேட்டுத்தான் ஏறினேன்.

அலை உடையும் இடத்தைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. அப்புறம் என் காலடியில் 'பட்' என்று ஒரு சத்தம். மஞ்சள் பாதியின் மேல்தோல் கொப்புளம் மாதிரி எழும்பியது. பிசிறிய விளிம்பில் ரெசின் பிடிக்கவே இல்லை; வெளித்தோல் உரிந்து கண் கண்ணாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இழை அறுபடவில்லை. ஒட்டுதான் விட்டுப்போனது.

"இந்தப் பக்கம் வா! பழுப்பு மேல வா!" என்று கத்தினாய். நான் எழுந்ததும் படகு புரண்டது.

தண்ணீருக்கு அடியில் பச்சையாக ஒரு வெளிச்சம். காதில் என் நெஞ்சு அடிக்கிற சத்தம். வாயைத் திறந்தேன், உப்பு உள்ளே போனது. என் மனைவியின் பெயரைச் சொல்ல நினைத்தேன், பெயர் வரவில்லை. சட்டைக் காலரில் உன் பிடி விழுந்தது. கவிழ்ந்த படகின் ஒரு பக்கம் முங்க, பழுப்புப் பாதி மேலே நின்றது. அதைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். ஒவ்வொரு அலைக்கும் அதுவும் விட்டுவிடும் என்றே நினைத்தேன். இடி வாங்கி அங்கங்கே நசுங்கியிருந்தது, ஆனால் விடவில்லை. வலை போட்டுத் திரும்பிய கட்டுமரக்காரர்கள் நம்மை ஏற்றிக்கொண்டு, படகையும் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள்.

கரையில் உன்னைப் பார்த்தேன். பல் கிட்டிப்போய், இரண்டு கையாலும் மணலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். "எனக்குக் கெளம்பும்போதே பயம்டா. நீ தைரியமா நிக்கிறியேன்னு சொல்லல" என்றாய். உன் தைரியத்தை நம்பி நானும், என் தைரியத்தை நம்பி நீயும் ஏறியிருக்கிறோம். அன்றைக்கே அந்தப் படகை அறுத்துப்போட்டோம். உன் தம்பி இன்றும் மரப்படகில்தான் போகிறான்.

அதன் பிறகு நீ பயத்தை ஒளித்ததே இல்லை. இதய ஆப்பரேஷனுக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் விரலைப் பிடித்து, "பயமா இருக்குடா" என்றாய். தைரியம் சொல்லத்தான் வாயெடுத்தேன். "எனக்கும்தான்டா" என்றுதான் வந்தது. நீ தலையை ஆட்டினாய். கதவு மூடும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நீ கண் திறக்கவில்லை.

இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அதே மாதிரி தேன்கூட்டு அட்டைப் பலகைகளைச் சரிபார்த்து அனுப்பும் வேலை. காசால் தட்டித் தட்டிக் கேட்பேன்; ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் மந்தமாக வரும். நேற்று ஒரு பலகை அப்படித்தான் ஒலித்தது. லாரி வாசலில் நின்றது, எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். நான் பலகையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. பயத்தையும் மறைத்துக்கொள்ளவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு சார். இது போவ வேணாம்" என்றேன்.

மேனேஜர் என் கையைப் பார்த்தார். பிறகு அந்தப் பலகையை ஒதுக்கி வைக்கச் சொன்னார்.