கப்பல்கள் நிற்கும் என்றாய்

இமாலிக், அலாஸ்கா
ஜூன் 9, 2014

அன்புத் தம்பி டெல்பர்ட்டுக்கு,

இங்கு எல்லாரும் நலம். போனில் பேசினால் உன் அத்தான் ரோஸ்மன் குறுக்கே நின்று கத்துகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரே இன்னும் நீ நடத்திய கூட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறது. கடலில் எண்ணெய் தோண்டப்போகும் உன் கம்பெனிக்காரன் படம் போட்டுக் காட்டியபோது எல்லாரும் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ எழுந்து நம் மொழியில், "திமிங்கில வேட்டை முடியுற வரைக்கும் ஒரு கப்பலும் ஓடாது. எல்லாம் நிக்கும். நான் பொறுப்பு" என்று சொன்ன பிறகுதான் சம்மதம் என்று கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. ரோஸ்மன் தூக்கவில்லை. "உன் தம்பி நல்லவன்தான். அவன் முதலாளியும் நல்லவனா?" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

நிலத்து எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது, பள்ளிக்கூடமும் குழாய்த் தண்ணீரும் அதன் வரியில் வந்தவை என்று நீ சொன்னது உண்மைதான். நாம் மலவாளி தூக்கிய வயதில் என் பேரப்பிள்ளைகளும் தூக்க வேண்டாம்.

இந்த வசந்தத்தில் பிடித்த திமிங்கிலத்தின் மக்தாக் அனுப்பியிருக்கிறேன். கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டுத் தோலை மட்டும் தின்னாதே, நகரத்துக்காரா.

உன் அக்கா,
யூனிஸ்


ஆங்கரேஜ்
ஆகஸ்ட் 30, 2014

பிரியமுள்ள அக்காவுக்கு,

மக்தாக் வந்தது. கொழுப்போடுதான் தின்றேன்.

இங்கே ஒருவருக்கும் தூக்கமில்லை. இந்த வருடம் பனிக்கட்டி விலகவே தாமதமாகிவிட்டது. கடல் மறுபடி உறைவதற்குள் துளைபோட்டு முடிக்க வேண்டும்; தவறினால் ஒரு வருடம் போச்சு. எண்ணெய் கொட்டிப் பனிக்கு அடியில் போனால் எப்படி எடுப்பீர்கள் என்று அத்தான் கேட்டாரே, அதை நானும் கம்பெனிப் பெரியவர்களிடம் கேட்டேன். திட்டம் இருக்கிறதாம். தடிமனான புத்தகம் ஒன்றைக் காட்டினார்கள். அத்தானிடம் சொன்னால் சிரிப்பார், சொல்லாதே.

வேட்டைக்குப் படகு தயாரா? அத்தானோடு உன் பெண் கோராவும் போகிறாளா? எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
டெல்பர்ட்


இமாலிக்
அக்டோபர் 21, 2014

டெல்பர்ட்டுக்கு,

நீ ரோஸ்மனின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தாய். அழுதாய். என் சமையலறையில் மூன்று நாள் சாப்பிட்டாய். நீ விமானம் ஏறிய மறுநாள் கம்பெனியிலிருந்து ஒருவன் துக்கம் கேட்க வந்தான்.

அவனிடம் நடந்ததைச் சொன்னேன். கப்பல் சத்தத்தில் திமிங்கிலங்கள் கரைப்பக்கமே வரவில்லை. படகுகள் கரை மறையும் தூரம் போக வேண்டியிருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்து வரும்போது காற்று மாறியது, நம் படகு கவிழ்ந்தது. கோராவை அடுத்த படகுக்காரர்கள் தூக்கினார்கள், அவள் அப்பா அலையில் போய்விட்டார்; மறுநாள் உடல்தான் கிடைத்தது.

அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். "கப்பலை நிறுத்த முடியாதுன்னு வேட்டைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே உங்க தம்பிகிட்ட சொல்லிட்டோமே. ஊருக்குச் சொல்லுன்னு சொன்னோமே. அவர் சொல்லலியா?" என்றான்.

நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன். வேறென்ன செய்வது?

கப்பல் நிற்காது என்று தெரிந்திருந்தால் ரோஸ்மன் போயிருக்க மாட்டார். காத்திருந்திருப்பார், இல்லையென்றால் படகு ரேடியோவில் அந்தக் கப்பல்காரனோடு சண்டை போட்டிருப்பார். உயிரோடு இருந்திருப்பார்.

அவன் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுது. போதும்.

அக்கா


ஆங்கரேஜ்
அக்டோபர் 4, 2015

அக்கா,

ஒரு வருடமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அவன் சொன்னது பொய்யில்லை.

எப்படியாவது முடிவை மாற்றிவிடலாம் என்று தினமும் மேலதிகாரியின் அறை வாசலில் நின்றேன். நாளை மாறும், நாளை மாறும் என்று இருந்துவிட்டேன். எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தவன், அது பொய்யாகிவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வேன்? கப்பல்கள் வெகுதூரத்தில்தானே போகும், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கம்பெனி போகிறது அக்கா. கிணற்றில் எதிர்பார்த்த அளவு எண்ணெய் இல்லையாம். விலையும் விழுந்துவிட்டது. என்னையும் அனுப்பிவிட்டார்கள். எனக்கு இங்கே யாருமில்லை. ஊருக்கு வருகிறேன். வசந்த வேட்டைக்கு உங்கள் படகில் எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். திட்டு, அடி. பேசாமல் மட்டும் இருக்காதே.

டெல்பர்ட்


இமாலிக்
நவம்பர் 15, 2015

டெல்பர்ட்டுக்கு,

உன் கடிதத்தைக் கோராவிடம் படித்துக் காட்டினேன். படகுக்கு இப்போது அவள்தான் தலைவி. யாரை ஏற்றுவது என்பது அவள் முடிவு. அவள் கோபப்படவில்லை. கொக்கியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்: "பனிமேல நிக்கும்போது விரிசலைப் பாத்தவன் உடனே கத்தணும்மா. கத்துனா யாரு என்ன நினைப்பாங்கன்னு யோசிக்கிற ஆளு எனக்கு வேணாம்."

கப்பல்கள் போய்விட்டன. எண்ணெய் வரி குறைந்துவிட்டதென்று பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆசிரியர்களைக் குறைத்திருக்கிறார்கள். நீ பயந்ததும் நடக்கிறது. கை தூக்கியவர்கள் இப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. நானும்தான்.

வருவதென்றால் வா. அப்பா கட்டிய வீடு காலியாகத்தான் இருக்கிறது. கணப்புக்கு எரிபொருள் நிரப்பி வைக்கச் சொல்கிறேன். வேட்டை கிடைத்தால் ஊரில் எல்லா வீட்டுக்கும் பங்கு போகும், உனக்கும் வரும். யாராவது கொண்டு வந்து கொடுப்பார்கள்.

நான் வரமாட்டேன்.

யூனிஸ்