வட்டம் போட்ட உருண்டை

மார்ச் 4, செவ்வாய்

பெரியம்மாவுக்குச் சாக்லேட் இன்னும் கைவரவில்லை. கடலை உருண்டையைக் கிண்ணத்தில் நழுவவிட்டுவிட்டு, முழங்கை வரை அப்பிக்கொண்டு தேடுகிறாள். "குளிக்க விட்டா முழுகிப் போயிடுதுடி" என்றாள். ஆறு வாரம் கழித்து இன்றுதான் இந்த வீட்டில் சிரித்தோம். உடனே நிறுத்திக்கொண்டோம்.

அம்மா இப்போது சமையல்கட்டுக்கு வருவதில்லை; பேக்கரிக்கு அவள் செய்துவந்ததை நான் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் திரிந்துவிடும். நடுப்பல் இரண்டை ஒடித்த முள்கரண்டியில் உருண்டையை ஏந்தி, முக்கி, கிண்ணத்து விளிம்பில் மூன்று தட்டு. அடியை வழித்துக் காகிதத்தில் இறக்கினால் மேடையில் ஒரு பொட்டுகூடச் சிந்தாது. காயுமுன் மேலே ஒரு கோடு. கோடு என்றால் உள்ளே கடலை.

வட்டம் என்றால் பேரீச்சம்பழம். அது வாலுவுக்கு மட்டும். தம்பிக்குக் கடலை ஆகாது, ஒன்று தின்றாலே மூச்சு அடைத்துவிடும். ஆறு வாரமாக அவன் இல்லை. இனி வட்டம் போட வேண்டியதில்லை.

அன்று அவன் தின்ற, வட்டம் போட்ட உருண்டைக்குள் கடலை இருந்தது. தன் கைதான் தவறிவிட்டது என்று அம்மா நம்புகிறாள். அப்பாவும். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறாராம். இன்றுதான் சொன்னார்கள். எத்தனை நாளுக்கு என்று கேட்டேன். பெரியம்மா என்னைத் தட்டை எடுத்துவரச் சொன்னாள்.

அது அம்மா கை இல்லை.

அம்மா போடும் வட்டம் சுத்தமாக மூடிக்கொள்ளும். எனக்குக் கடைசியில் ஒரு வால் நீண்டுவிடும். அன்று அம்மா வாசலில் பேக்கரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். பழகிப் பார்க்கலாமே என்று ஒரு கடலை உருண்டையின் மேல் வட்டம் போட்டேன். உடனே கோடாக மாற்றிவிட நினைத்தேன். பள்ளி வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டேன். வாலு பின்னாலேயே அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

இதை யாரும் படிக்கக் கூடாது. தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

மார்ச் 5, புதன்

நேற்று நாற்பது முக்கினோம். மிச்ச உருண்டைகளை டப்பாவில் மூடி வைத்தோம். காலையில் அப்பா தட்டின் மூடியைத் திறந்தார். நாற்பத்தொன்று. ஓரத்தில் ஒன்று தனியாக, வட்டத்தோடு.

"ஏன்டி, எதுல விளையாடறதுன்னு இல்ல?" என்றாள் பெரியம்மா.

"நான் இல்ல பெரியம்மா."

"அப்ப நானா? நான் செஞ்சிருந்தா சுவரெல்லாம் சாக்லேட்டா இருக்குமே."

அது உண்மை. மேடை துடைத்தபடி இருந்தது. கிண்ணம் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. உருக்காமல் எப்படி முக்க முடியும்? அப்பா அதைக் குப்பையில் போட்டுவிட்டு வெகுநேரம் கை கழுவினார்.

மார்ச் 6, வியாழன்

இன்றும் ஒன்று. எல்லோருக்கும் முன்னால் எழுந்து எடுத்துவிட்டேன். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு உடைத்துப் பார்த்தேன். உள்ளே கடலை. வட்டத்துக்கு வால் இருக்கிறது.

என் வால். அதே மாதிரி. அதே இடத்தில்.

எனக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும்?

வாயில் போட்டு விழுங்கினேன். 

மார்ச் 7, வெள்ளி

நேற்று ராத்திரி தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "எலி வருது" என்று பெரியம்மாவிடம் சொன்னேன். சாவி என் தலையணைக்கடியில். காலையில் சாவி அங்கேயேதான் இருந்தது. அலமாரியும் பூட்டியபடிதான். திறந்தேன்.

இருந்தது.

வாலு, நீயாடா? அக்கா மேல கோவமா? அன்னைக்கு வேன்ல பக்கத்துல உக்காந்து அத வாய்ல போட்டுக்கிட்டு, "இன்னிக்கு வேற மாதிரி இருக்குக்கா"ன்னு சொன்னியே. நான் என்ன சொன்னேன்? "வேணாம்னா குடு, நான் திங்கறேன்"னு சொன்னேன். நீ குடுக்கல. ஏன்டா குடுக்கல.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 8, சனி

இன்றும்.

மத்தியானம் அம்மா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பழகிப் பார்த்தது, ஹாரன், வால், எல்லாம். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படிம்மா?"

"செவ்வாக்கிழமை ராத்திரி சமையல்கட்டுல சத்தம் கேட்டு வந்தேன். அடுப்பு எரியுது. நீ நின்னு முக்கிட்டிருக்க. கண்ணு திறந்துதான் இருக்கு. கூப்பிட்டேன், நீ திரும்பல. கடலை உருண்டை மேல வட்டத்தைப் போட்டுட்டு, அதையே பாத்துட்டு நின்ன. அன்னைக்கும் நீதான்னு அப்பவே புரிஞ்சுது."

என் இரண்டு கைகளையும் பார்த்தேன். யாருடையவோ மாதிரி இருந்தன.

"நாலு ராத்திரியும் அடுப்பை நான்தான் அணைச்சேன். எழுப்பினா நீ பயந்துடுவியோன்னு எழுப்பல. கிண்ணத்தைக் கழுவி, மேடையைத் துடைச்சு, உன் கையைத் துடைச்சுவிட்டுக் கொண்டுபோய்ப் படுக்க வெச்சேன். சாவியக்கூட நீயே திருப்பி வெச்சுக்கிட்ட."

"அப்ப அந்த உருண்டைய ஏன் எடுத்துப் போடல?"

அம்மாவின் கை முதல் முறையாக ஓய்ந்தது. "எடுக்கத்தான் போனேன். அவனுக்குன்னு வெச்சதாச்சே."

"தெரிஞ்சும் ஏன்மா மாமா வீட்டுக்குப் போற?"

"என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்டி. உனக்குப் பதிமூணு வயசு."

மார்ச் 9, ஞாயிறு

மாமா வந்தார். பெட்டி வாசலில் இருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அவ கனவு கண்டுட்டு உளறுறா, வாங்கண்ணா, நாம கிளம்பலாம்" என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். கையைத் தள்ளிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பா செருப்பு போடாமல் வெளியே போனார். மாமா இருட்டும்வரை காத்திருந்துவிட்டுத் தனியாகப் போனார்.

மார்ச் 10, திங்கள்

அப்பா திரும்பிவிட்டார். காலெல்லாம் புழுதி.

மார்ச் 12, புதன்

அப்பா இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று சாப்பிடும்போது எனக்கு விக்கியது. எங்கேயோ பார்த்துக்கொண்டே தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

தட்டில் இரண்டு நாளாக எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

அம்மா இப்போது என் அறையில்தான் படுக்கிறாள். "எங்கேயும் எழுந்து போயிடாத" என்கிறாள்.  கோபமா, பயமா, எனக்குப் புரியவில்லை. என் வலது மணிக்கட்டைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கண் திறக்காமலே பிடியை இறுக்கினாள்.

எழுத்து கோணல் மாணலாகப் போகிறது. இடது கை.