மூன்று புள்ளிகள்

ஆவணி, செவ்வாய்க்கிழமை இரவு.

அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்காக என் பிளாகில் ஒரு கட்டுரை போட்டேன். “அண்ணன் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்” என்று ஆரம்பித்திருந்தேன். அண்ணன் படம் பெரிதாகத் தெரியட்டும் என்று டிசைனையும் மாற்றினேன். லேப்டாப்பில் நன்றாக இருந்தது. போனில் பார்க்கத் தோன்றவில்லை.

மதியம் திருவானைக்காவலிலிருந்து அண்ணி கூப்பிட்டார். “என்ன தம்பி இப்படி எழுதிட்டீங்க? காலையிலேர்ந்து அவரு யார்கிட்டயும் பேசல.”

போனில் திறந்தேன். “அண்ணன் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை”, அப்புறம் மூன்று புள்ளி, அதோடு சரி. ‘மேலும் படிக்க’ பொத்தான் படத்துக்கு அடியில் போய்விட்டது.

படத்தைச் சிறிதாக்கினேன். பொத்தான் வெளியே வந்தது, வாக்கியம் அதே இடத்தில் நின்றது. முழுக் கட்டுரையும் தெரிய வைக்கும் செட்டிங்ஸைக் கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது. தமிழில் விஷயம் கடைசி வார்த்தையில்தான் இருக்கும் என்று அந்த டிசைன் செய்தவனுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். “கீழே இன்னும் இருக்குண்ணா. அது உங்க போன்ல தெரியல. திரும்பத் திறந்து பாருங்க.”

“எதுக்குப்பா? நீ எழுதினது சரிதான். நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

குரலில் கோபமே இல்லை. வைத்துவிட்டார். நேரில் போய்ப் படித்துக் காட்டலாம் என்றால், “இப்ப வராதீங்க தம்பி” என்கிறார் அண்ணி.

கட்டுரை இப்போது எல்லாப் போனிலும் முழுதாகத் தெரிகிறது. அண்ணன் அதைத் திறக்க மாட்டார்.