மத்தியானச் சோறும் ஒரு லேப்டாப்பும்

திண்டுக்கல்
9-2-2009

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பி இனிகோவும் இங்கு சுகம். நீ அங்கு சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய், உன் சுகத்தின் லட்சணம் எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் திட்ட ஆரம்பித்தால் சிக்னல் இல்லைம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

போன வாரம் உன் ரூம்மேட் நான்சி, அவள் அக்கா கல்யாணத்துக்காக வேடசந்தூர் வந்திருந்தாள் இல்லையா, நானும் அப்பாவும் போயிருந்தோம். பந்தியில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நம்ம பிரிஸ்கில்லா பிராக்டிகலில் ஃபெயிலாகிவிட்டதே, வந்த வாத்தியார் அம்புட்டுக் கண்டிப்பா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு உன்னைப் போலப் பொய் வரவில்லை. "கண்டிப்பெல்லாம் இல்ல ஆன்ட்டி, பழகுறதுக்கு அவளுக்கு சிஸ்டமே கிடைக்கல" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பையன்களுக்கு லேப் ஒன்பது மணி வரை திறந்திருக்குமாம், பெண் பிள்ளைகளை மட்டும் ஆறு மணிக்கே ஹாஸ்டலில் அடைத்துவிடுவார்களாம். சொந்தமாக லேப்டாப் இருக்கிறவர்கள் ரூமில் பழகிக்கொள்கிறார்கள். நீ நோட்டில் பென்சிலால் புரோகிராம் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் லேபுக்கு ஓடி அடித்துப் பார்க்கிறாயாம். மத்தியானம் மெஸ் பக்கமே போவதில்லையாம். எத்தனை நாளாக என்று கேட்டேன், ஜூலையிலிருந்து என்றாள். ஏப்ரல் பிராக்டிகலும் போய்விட்டால், கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வரும்போது உன்னை உள்ளேயே விடமாட்டார்கள் என்றும் சொன்னாள். இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? சத்துணவு அமைப்பாளர். தினமும் நூற்று நாற்பது பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒரு பிள்ளை தட்டோடு வராவிட்டாலும் வகுப்பில் போய்த் தேடி இழுத்து வந்து சோறு போடுகிறவள். என் வயிற்றில் பிறந்தவள் ஏழு மாதமாக மத்தியானப் பட்டினி. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஏன் இப்படி இளைத்திருக்கிறாய் என்று கேட்டேன், ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்றாய். அதையும் நம்பிப் பருப்புப் பொடி இடித்துக் கொடுத்து அனுப்பினேன், மடைச்சி. லேப்டாப் வேண்டுமா என்று அப்பா கேட்டபோதும், "லேப் இருக்குப்பா, அதெல்லாம் வசதியானவங்களுக்கு" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாய். இனிகோ படிப்புக்குப் பணம் வேண்டும் என்று நீயாக நினைத்துக்கொண்டாயாமே. முடியும் முடியாது என்று சொல்ல வேண்டியது நாங்கள். எங்கள் இல்லாமையை எங்களைக் கேட்காமல் முடிவு செய்ய உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? கல்யாண வீட்டிலிருந்து திரும்பியதிலிருந்து அப்பா மில்லுக்குப் போகிறார், வருகிறார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நானே கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு என்றதும் கடைக்காரர் பெரியதாக ஒன்றை எடுத்தார். பையனுக்கா என்றார், பெண்ணுக்கு என்றேன். உடனே அதை உள்ளே வைத்துவிட்டு, சிலேட்டு அளவில் ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து வைத்து, "பொண்ணுக்குத்தானக்கா, பாட்டுக் கேக்க, படம் பாக்க இது போதும்" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டுக் கேட்கவா என் மகள் மூன்று வருசமாகச் சென்னையில் கிடக்கிறாள் என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை நம் பங்குக் கோயில் இருதயநாதன் சாரைக் கூட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போனேன், அவர் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர். "பளபளப்புக்கும் கேமராவுக்கும் காசு குடுக்காதீங்க, மெமரி ரெண்டு ஜிபி இருக்கணும், கீபோர்டு விரலுக்கு வசதியா இருக்கணும், விண்டோஸ் போடாததாக் கேளுங்க, விலை குறையும், அவ லேப்ல ஓட்டுற லினக்ஸ நானே சும்மா போட்டுத் தாரேன்" என்றார். பேட்டரியை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். கரண்ட் போகாத ஊர் இப்போது எங்கே இருக்கிறது? மூன்று மணி நேரம் நிற்கும் என்றார் கடைக்காரர். அரிசி மூட்டையை மேலாக அள்ளிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை நான், அடி வரைக்கும் கையை விட்டுப் பார்ப்பேன். சார்ஜ் ஏற்றிப் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். முதலில் வைத்தது ஒன்றரை மணி நேரத்தில் கண்ணை மூடிவிட்டது, வேறு எடுங்கள் என்றேன். அடுத்தது ஓடும்போது நடுவில் கரண்ட் போய்க் கடை இருட்டாகிவிட்டது, அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டே முக்கால் மணி நேரம். அதைத்தான் வாங்கியிருக்கிறேன். கருப்பு, கொஞ்சம் கனம், அழகு கிடையாது. பையைக் கொடுக்கும்போது கடைக்காரர் கும்பிட்டு வழியனுப்பினார். பணம் எப்படி வந்தது என்று கேட்காதே, அது உன் பாடத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கொண்டு வருவார். உங்கள் பிரின்ஸிபாலுக்கும் ஒரு கடிதம் அவர் கையில் வருகிறது, நான்சி அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெண் பிள்ளைகளை ஆறு மணிக்கு அடைக்கிறீர்களே, ஃபீஸை மட்டும் பாதியாகவா வாங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். மானம் போகுதும்மா என்று போன் பண்ணாதே. ரூமில் லேப்டாப் இல்லாத மற்ற பிள்ளைகளுக்கும் செத்த நேரம் கொடு, பூட்டி வைக்காதே.

மாதா உன்னைக் கைவிட மாட்டாள், உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். ஒன்று மறக்காதே. வந்ததும் லேப்டாப்பைக் காட்டுங்கப்பா என்று அவரிடம் கையை நீட்டாதே. மத்தியானம் வரை பை அவர் மடியை விட்டு இறங்காது. நீ அவர் எதிரில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத அம்மா
ஆனந்தமேரி