சத்தமில்லாமல் ஓடிய எஞ்சின்

ஜூலை 6

ஒரு வழியாக என் சமையல் மேசை எனக்குத் திரும்பக் கிடைத்தது. இத்தனை நாளாக ஊர்ப் படகின் எஞ்சின் அதன் மேல்தான் துண்டு துண்டாகக் கிடந்தது. என் புருஷன் நெய்சர் பிஸ்டன் ரிங்குகளை மாற்றினான், வால்வுகளை அரைத்து உட்கார வைத்தான், புது கேஸ்கட் போட்டான். நான் தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தேன். மேசைப் பலகையில் ஊறிய கறுப்பு எண்ணெய் தேய்த்தும் போகவில்லை.

சாயங்காலம் கரையில் ஓட்டிக் காட்டினான். ஊரே வந்து நின்றது. எஞ்சின் மூடிக்குள் எப்போதும் கேட்கிற அந்த டிக் டிக் சத்தம் இல்லவே இல்லை. தலைவர் ஆர்டேமியோ அவன் முதுகில் தட்டி, "நெய்சரு, புதுசா வாங்குனாக்கூட இப்படி ஓடாதுப்பா!" என்றார். ஆற்றோட்டத்தில் கீழே இருக்கும் ஊர்க்காரர்களும் தங்கள் எஞ்சின்களை இவனிடமே தரப் போகிறார்களாம்.

என் புருஷனை நாலு பேர் பாராட்டினால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படகை இத்தனை வருஷமாக ஓட்டுகிறவள் நான். ஓடுவது எப்படி இருக்கிறது என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

ஜூலை 14

வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கொந்தமானா டவுனுக்குப் போனேன். இறக்கிவிட்டுத் திரும்பக் கிளப்பினால் கிளம்பவில்லை. கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தது. வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து இழுத்தேன். உடனே கிளம்பியது.

நெய்சரிடம் சொன்னேன்.

"சோக்கை மூடிட்டு இழுத்திருப்ப. பெட்ரோல் அடைச்சிருக்கும்."

"நான் சோக்கைத் தொடவே இல்ல."

"அப்ப கையில தெம்பு இல்ல."

ஜூலை 22

இன்றும் அதே கதை. சொன்னேன். நெய்சர் ஊஞ்சல் படுக்கையிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஆகஸ்ட் 3

தலிலாவின் குழந்தை. என்னால் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 5

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அவர்கள் சொல்வதே எனக்கும் உண்மையாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தலிலாவுக்கு வலி. குழந்தையின் கால்தான் முதலில் தெரிந்தது. மருத்துவச்சி, "இது என் கையில இல்ல, டவுனுக்குத் தூக்குங்க" என்றாள். தலிலாவின் புருஷன் யெர்சன் அவளைத் தூக்கி வந்து படகில் கிடத்தினான். ஆறு வற்றிக் கிடக்கும் மாதம். பாதி வழியில் மணல் திட்டு. எஞ்சினை நிறுத்தி, விசிறி மாட்டிய நீளத் தண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் படகை இழுத்தோம். அந்தப் பக்கம் போய்க் கயிற்றை இழுத்தேன்.

கிளம்பவில்லை.

கயிறு இழுபடும்போது கையில் ஒரு எதிர்ப்பு இருக்க வேண்டும். இல்லை. வெறும் தண்ணீரில் கை விட்ட மாதிரி. உள்ளங்கை உரிந்தது. யெர்சன் இழுத்தான், நான் இழுத்தேன், மறுபடி அவன். தலிலா முதலில் கத்தினாள். அப்புறம் முனகினாள். அப்புறம் அதுவும் இல்லை. கயிற்றை விட்டுவிட்டுத் துடுப்பு போட்டுப் பார்த்தோம், எதிர் நீரோட்டத்தில் படகு நகர்ந்தால்தானே? பொழுது சாயும் நேரத்தில் மரவியாபாரி ஒருவனின் படகு வந்து எங்களைக் கட்டி இழுத்துப் போனது.

தலிலா பிழைத்தாள். ஆண் குழந்தை. தலை நிறைய முடி.

இன்று காலை ஊரே கரையில் கூடியது. நெய்சர் படகில் ஏறி, ஒரே இழுப்பு. எஞ்சின் ஓடியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எஞ்சின்ல ஒண்ணுமில்ல. இழுக்கத் தெரியணும், அவ்வளவுதான்" என்றான் நெய்சர்.

என் புருஷன் சொன்னான். ஊர் முன்னால். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

ஆகஸ்ட் 9

என் படகில் யாரும் ஏறுவதில்லை. துவைக்கும் இடத்துக்குப் போனால் பேச்சு நிற்கிறது. யெர்சனின் அம்மா என் காதில் விழும்படியே சொன்னாள்: "பொம்பள கையில எஞ்சினைக் குடுத்தா பிள்ளையத்தான் புதைக்கணும்."

பெண்தானே அவளும்?

ஆகஸ்ட் 13

குளிர்ந்திருந்தால் கிளம்புகிறது. சூடானால் கிளம்புவதில்லை. மூன்று தடவையும் அப்படித்தான். இது கைத் தெம்பு சமாசாரமா?

நெய்சர் வயலுக்குப் போனதும் படகைக் கரையில் இறுகக் கட்டிவிட்டு எஞ்சினை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினேன். நிறுத்தினேன். இழுத்தேன். செத்துக் கிடந்தது.

ஆற விட்டு வால்வு மூடியைக் கழற்றினேன். முன்பு இந்த வேலையைப் பார்த்த மெக்கானிக் ஊரைவிட்டுப் போகும்வரை, டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, செட் பண்ணும்போதெல்லாம் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தவள் நான்தான். பிஸ்டன் மேலே வந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்த வேண்டும். வால்வை அமுக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே அளவுத் தகடு லேசான இழுவையோடு நுழைந்து வர வேண்டும். சூட்டில் இரும்பு நீளும் அல்லவா? அதற்குத்தான் அந்த இடம். புகை போகிற வால்வு இன்னும் அதிகம் சூடாகும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும்.

நெய்சரின் பெட்டியிலிருந்து தகடுகளை எடுத்தேன். சரியான தகடு நுழையவில்லை. அதைவிட மெல்லியது நுழையவில்லை. இருப்பதிலேயே மெல்லியது, காற்றில் ஆடுகிற தகடு, அதுவும் நுழையவில்லை.

இடைவெளியே இல்லை. சூடானதும் தண்டு நீண்டு, ராக்கரில் முட்டி, வால்வு மூட முடியாமல் வாய் திறந்து நின்றிருக்கிறது. இழுத்த காற்றெல்லாம் அந்த வழியே போயிருக்கிறது. நான் எத்தனை தடவை இழுத்திருந்தாலும் சூடு ஆறாமல் கிளம்பியிருக்காது.

எதையும் தொடாமல் மூடியைத் திரும்ப மாட்டினேன். 

ஆகஸ்ட் 14

தெரியாமல் செய்திருப்பான் என்றுதான் நம்பினேன். முட்டாள் நான்.

"டேப்பெட்டை ஏன் அவ்வளவு இறுக்கின?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது. அந்த ஒரு நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"முதல்ல சரியாத்தான் வெச்சேன். டிக் டிக்குன்னு அடிச்சுது. எல்லாத்தையும் பிரிச்சு மாட்டுனதுக்கப்புறமும் அடிச்சா எவன் என் வேலைய மெச்சுவான்? கொஞ்சம் இறுக்குனேன். சத்தம் போயிடுச்சு."

"சூடானா கிளம்பலேன்னு உங்கிட்ட ரெண்டு தடவ சொன்னேனே!"

"இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்குக் காலைல தெரியாதா? எல்லாரும் கரையில நின்னாங்களே, அப்பத் தெரியாதா?"

 குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஓர்லித், உன்னைப் பத்தி நாலு நாள் பேசுவாங்க, விட்டுடுவாங்க. என்னைப் பத்தித் தெரிஞ்சா ஒருத்தனும் எஞ்சினைக் குடுக்க மாட்டான். நம்ம ரெண்டு பேரு சோறும் போயிடும்" என்றான்.

நம்ம சோறாம். அந்தச் சோற்றை அவன் தட்டோடு தூக்கி ஆற்றில் போட்டேன். தட்டுக்காக இப்போது வருத்தப்படுகிறேன். நல்ல தட்டு.

ஆகஸ்ட் 15

கீழே உள்ள ஊர்களுக்கு அவன் முடித்துக் கொடுத்த எஞ்சின்களும் சத்தமில்லாமல்தானே ஓடுகின்றன? அந்த ஊர்களிலும் பிள்ளைத்தாய்ச்சிகள் இருப்பார்கள்.

ஆகஸ்ட் 17

ஊர்க் கூட்டம். எழுந்து, "எல்லாரும் கரைக்கு வாங்க" என்றேன். ஆர்டேமியோ, "புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டுல வெச்சுக்கம்மா" என்றார். யெர்சன்தான் முதலில் எழுந்து நடந்தான். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

எஞ்சினை ஓட்டினேன். நன்றாகச் சூடானது. நிறுத்தினேன். "இப்ப நீ இழு" என்று நெய்சரிடம் கயிற்றைக் கொடுத்தேன்.

இழுத்தான். மறுபடி இழுத்தான். சட்டை நனைய இழுத்தான்.  எனக்குள் எவ்வளவு இனித்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லவில்லை நான். இழுக்கட்டும் என்று நின்றேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம். தலிலா. அன்றைக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வராதவள், எல்லோரும் போகிறார்களே என்று வந்திருக்கிறாள். சேற்றில் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, குலுங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கயிற்றுச் சத்தம். படகுக்குள் படுத்துக்கொண்டு அவள் அன்று கேட்டதெல்லாம் அந்தச் சத்தம்தானே.

யெர்சன் நெய்சரை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் நெய்சரைப் பார்க்கக்கூட இல்லை. மனைவியைத் தூக்கிக்கொண்டு போகும்போது என்னிடம்தான் சொன்னான்: "உம்மேல தப்பில்லேன்னு எங்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பானா? இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஆகஸ்ட் 18

ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. துவைக்கும் இடத்தில் இப்போது பேச்சு நிற்பதில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குப் பேச இப்போது நெய்சர் கிடைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 30

எஞ்சினைப் பிரித்தேன். புகை வால்வின் விளிம்பு கருகியிருந்தது. டவுனில் புது வால்வு வாங்கி, அரைப்புப் பசை தடவி, குச்சியில் பொருத்தி உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டி அரைத்தேன். அரைக்க அரைக்க வால்வு இன்னும் உள்ளே இறங்கும், தண்டு மேலே ஏறும், இருக்கிற இடைவெளியும் குறையும். அதனால்தான் அரைத்த பிறகு டேப்பெட்டைப் புதிதாக வைக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுழன்று அளவு மாறிவிடுகிறது. தளர்த்தி, வைத்து, இறுக்கி, தகடு விட்டுப் பார்த்து, மறுபடி தளர்த்தி. பகல் முழுக்க இதுவே. கொஞ்ச நேரம் ஓட்டி, ஆறவிட்டு, திரும்பவும் அளந்தேன்.

நெய்சர் வாசலில் நின்று பார்த்தான். "புகை வால்வுக்கு இன்னும் ஒரு பொட்டு கூட விடு" என்றான்.

அவன் சொன்னது சரி. அதுதான் தாங்க முடியவில்லை. இவனுக்கு எல்லாம் தெரியும்.

செப்டம்பர் 12

கீழ் ஊர்கள் எல்லாவற்றிலும் டேப்பெட்டைச் சரிசெய்து முடித்துவிட்டேன். ஒரு ஊரில் காப்பி கொடுத்தார்கள். இன்னொரு ஊரில், "சத்தமில்லாம ஓடுதுல்ல, நல்லாயிருக்கிறத எதுக்குக் கெடுக்கற?" என்று மூடியைத் தொடவே விடவில்லை. கரையில் உட்கார்ந்தேன். அவர்களே மீன் பிடிக்கப் போய், நடு ஆற்றிலிருந்து துடுப்பு போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோதுதான் ஸ்பேனரை எடுக்க விட்டார்கள்.

செப்டம்பர் 14

வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் நெய்சரின் துணிகள் இல்லை. பூக்கல்ப்பா நகரத்தில் மர அறுவை மில்லுக்குப் போய்விட்டானாம். அண்ணன் வீட்டில் தங்குவானாம். ஆர்டேமியோ சொல்லித்தான் தெரியும். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

அக்டோபர் 20

மழை. படகில் ஆட்கள் ஏறுகிறார்கள். யெர்சனின் அம்மாவும் ஏறினாள். கோழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.

டிசம்பர் 11

ஆறு ஏறிவிட்டது. மணல் திட்டு தண்ணீருக்கு அடியில்.

மத்தியானம் தலிலா வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை, படிக்கட்டிலேயே நின்றாள்.

"மறுபடி உண்டாயிருக்கேன் அக்கா. வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு வந்தேன்."

 தலையை ஆட்டினேன்.

"வலி வந்ததுக்கப்புறம் உங்க படகுல ஏற மாட்டேன். உங்க மேல கோவம் இல்ல. ஆனா ஏற மாட்டேன்."

"சரிம்மா."

"அதனால மாசம் நிறையறதுக்கு முன்னாடியே போயிடறேன். டவுன்ல எங்க சித்தி வீடு இருக்கு. அப்ப என்னைக் கொண்டு போய் விடுறீங்களா? அவசரம் எதுவும் இல்லாதப்ப. பகல்ல. மெதுவா."

"விடறேன்" என்றேன்.

அவள் இறங்கிப் போனாள். படகில் அவள் படுத்துக்கொள்ள மெத்தை ஒன்று தைக்கலாம் என்று துணி எடுத்தேன். அப்புறம் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அவள் உட்கார்ந்துகொண்டுதான் வருவாள்.