படத்துக்குப் பட்டு

ஆவணி 12, செவ்வாய்.

சினிமா ஸ்டூடியோ வந்தால் ஊர்ப் பட்டுத் தறிகளுக்கு வேலை பெருகும் என்று அதன் முதலாளிக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவன், பி.ஏ. படித்த நான். அதை நம்பித்தான் எதிர்வீட்டு நெசவாளி முருகேசன் தறியிலிருந்த கல்யாணப் புடவையை விட்டுவிட்டு, கதாநாயகிக்கென்று அரக்குப் பட்டு நெய்தார். இன்று இருவரும் அதை ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போனோம்.

காமிராக்காரர் வெயிலில் விரித்துப் பார்த்தார். “ஜரிகை கண்ணைக் கூசுது. அரக்கு படத்துல கறுப்பாத்தான் விழும். சாம்பல் கலர்ல நூல் புடவை போதும்.”

ஊருக்கு உபகாரம் என்ற சொல்லை எப்போதும் வெற்றிலையோடு மெல்லும் முதலாளி வழி சொன்னார். “உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கட்டட்டுமே. மினுங்காது.”

“அப்போ அந்தம்மாவையும் முதுகு காட்டியே நடிக்கச் சொல்லுங்க சாமி” என்று முருகேசன் புடவையை மடித்துத் துணியில் மூட்டை கட்டினார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “அடுத்த நோட்டீஸை நாளைக்குக் கொண்டாப்பா, பி.ஏ.”

“சரி” என்றேன்.

தெருமுனையில் முருகேசன் மூட்டையைத் தோள் மாற்றினார். பிறகு கேட்டார்: “பட்டணத்துல நாலு வருஷம் படம் பாத்துக்கினு இருந்தியே தம்பி. அதுல கலரே தெரியாதுன்னு உனக்குமா தெரியாது?”

தெரியும். எழுதும்போது நினைவில்லை. நோட்டீஸின் நடை நன்றாக வந்துகொண்டிருந்தது.